ஒன்பதாம் கட்டத்தில் ‘மேற்படி’

ஜனவரி 12. கேமரா லென்ஸ் ஒன்று: 86,000.
ஜனவரி 30. தலைக்கவசம் ஆறு, கேட்டது: 4,200. அனுமதித்தது: 0.
பிப்ரவரி 10. இடம் பார்க்க வண்டி வாடகை: 350.
பிப்ரவரி 20. இடம் பார்க்க வண்டி வாடகை, கேட்டது: 350. அனுமதித்தது: 0.
பிப்ரவரி 21. சிறப்பு விருந்தினருக்குப் பூங்கொத்து: 1,150.
பிப்ரவரி 21. ஆம்புலன்ஸ்: 900.

இவை நான் எழுதிய பதிவேட்டிலிருந்து அப்படியே எடுத்தவை. ஒரு கல்லூரியின் வீடியோத் துறையில் முப்பத்தொரு வருடம் சாமான் அறைப் பொறுப்பாளனாக இருந்தேன். கேமரா முதல் பேட்டரி மூடி வரை எது எப்போது வெளியே போனது, எப்போது திரும்பியது என்பதெல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. மேலே உள்ளதைக் கூட்டிப் பார்க்க வேண்டாம். கடைசி மூன்று வரிகளை மட்டும் மறுபடி படியுங்கள். ஓர் இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வர முந்நூற்றைம்பது இல்லை என்றவர்கள், மறுநாள் காலை ஆயிரத்து நூற்றைம்பதுக்குப் பூ வாங்கினார்கள். பூ வாடுவதற்குள் ஆம்புலன்ஸ் வந்தது. பிறகு மூன்று பேர் மேசை போட்டு உட்கார்ந்து, நடந்ததற்கெல்லாம் ஒரு பெண்தான் காரணம் என்று எழுதினார்கள்.

மாணவர்கள் அவரை ஒயர் அக்கா என்பார்கள். எங்கள் துறையில் பதினேழு வருடம் விளக்கு உதவியாளர். அதற்கு முன் பதினோரு வருடம் விளக்கு வாடகைக் கடையில் வேலை. கணவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குபவர். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று.

வாடகைக் கடையில் இருந்தபோது ஒரு விழா மேடைக்குப் பக்கத்தில், கூட வேலை பார்த்தவர் ஈரத்தில் கிடந்த ஒயரை வெறுங்காலால் மிதித்தார். அவ்வளவுதான். மருந்துக்குக்கூட ஒரு சத்தம் வரவில்லை. “அன்னைக்கு யாருமே கீழ பாக்கல ஐயா. எல்லாரும் மேடையப் பாத்துக்கிட்டிருந்தோம்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அவர் கண் எப்போதும் தரையில்தான். புதிதாகப் பார்ப்பவர்கள் கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொள்வார்கள். வாயைத் திறந்ததும் அந்த எண்ணம் போய்விடும்.

படப்பிடிப்புக்கு மாணவர்கள் வெளியே போவதற்கு முன்னால் அவர் தனியாகப் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருவார். தோளில் ஒரு காக்கிப் பை. அதில் டெஸ்டர், விசில், சுண்ணக்கட்டி இரண்டு, டார்ச், ரப்பர் செருப்பு, அரைச் செங்கல். செங்கல் எதற்கு என்றால், சந்தேகமான தரை எதுவானாலும் அதன்மேல் போட்டுச் சத்தம் கேட்பதற்கு. மாணவர்களுக்கு அது பெரிய வேடிக்கை.

“அக்கா, செங்கல் என்ன சொல்லுது?”

“உன் மண்டை மாதிரிதான் கண்ணு. உள்ள காலின்னு சொல்லுது.”

சாமான் அறையை விட்டு எது போனாலும் எழுதுவது என் வழக்கம் என்பதால் அந்தச் செங்கலுக்கும் எண் கொடுத்தேன். பொருள் எண் 214, அரைச் செங்கல், ஒன்று. அப்போது அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

இன்னொன்றும் அவர் கொண்டுவந்ததுதான். நடிப்பவர் முன்னே நடந்து வர, கேமரா பிடிப்பவரும் மைக் கோல் பிடிப்பவரும் பின்பக்கமாகவே நடந்து போவார்கள். கண் முன்னே இருக்கும், கால் பின்னே போகும். அவர்கள் முதுகில் கை வைத்து வழி காட்ட ஒருவர் கட்டாயம் வேண்டும் என்றார். அந்த ஆளுக்கு அவர் வைத்த பெயர் ‘முதுகு’. எந்த இடத்திலும் முதல் கேள்வி, “இன்னைக்கு யாரு முதுகு?” என்பதுதான். யாரும் கை தூக்கவில்லை என்றால் விளக்கைப் போடமாட்டார். துறைத் தலைவரே வந்து நின்றாலும் போடமாட்டார். ஒருமுறை வந்து நின்றார். “என்னம்மா, ரொம்பத்தான் பண்றீங்க” என்றார். “நீங்களே இன்னைக்கு முதுகா இருங்க சார், இப்பவே போடுறேன்” என்றார் இவர். தலைவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் அவர் அதை மறக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒயர் அக்காவும் நானும் உட்கார்ந்து ஒரு படிவம் தயாரித்தோம். இட ஆபத்துப் படிவம் என்று தலைப்பு. பதினான்கு கட்டங்கள். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தரை, மின்சாரம், தண்ணீர், உயரம், கிட்டத்தில் ஆஸ்பத்திரி. ஒன்பதாம் கட்டம், இடத்தை நேரில் பார்த்தவர். பதினோராம் கட்டம், முதுகு. பதினான்காம் கட்டம், போகக் கூடாத பகுதி. எல்லாம் முடிந்ததும் அடியில் நானாக ஒரு வரி சேர்த்தேன். “முந்தைய படிவத்திலிருந்து மாற்றம் இல்லையெனில் ‘மேற்படி’ எனக் குறிக்கலாம்.” ஒரே இடத்துக்கு ஐந்து நாள் போகிறவர்கள் ஐந்து முறை எழுத வேண்டாமே என்று பார்த்தேன். முப்பது வருடமாக நான் எழுதிக் குவித்த சொல் அது. ஒரே பொருள், ஒரே விலை, ஒரே ஆள் என்றால் மேற்படி, மேற்படி, மேற்படி.

அவர் அந்த வரியைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது வேணாம் ஐயா.”

“ஏம்மா? ஒரே இடம்தானே.”

“நேத்து பாத்த இடம் இன்னைக்கு அதே இடமா இருக்குமா? ராத்திரி ஒரு மழை பெஞ்சா போதும், அது வேற இடம்.”

“அப்படிப் பாத்தா ஒலகத்துல எதையுமே மேற்படின்னு எழுத முடியாது.”

“எழுதாதீங்க. உங்க பேனாவுக்கு அப்படி என்ன வலி?”

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். படிவம் அந்த வரியோடுதான் அச்சுக்குப் போனது. இந்தக் கோபக் கணக்கில் என் பங்கு என்ன என்று கேட்பவர்களுக்கு, இதுதான் என் பங்கு. பின்னால் வேறு யாரையாவது திட்டும்போது இதை மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கடைசி வருட மாணவர்கள் பன்னிரண்டு நிமிட வீடியோ ஒன்றுக்கு மூடிக்கிடந்த ஐஸ் தொழிற்சாலையைத் தேர்ந்தெடுத்தார்கள். இயக்கும் மாணவனை எல்லோரும் டைரக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மைக் கோல் பிடித்தது ஒரு மாணவி. அவளுக்குப் பெயரே மைக் பாப்பா. குரல் எழும்பாத பெண், ஆனால் அடுத்தவர் மூச்சுவிடுவதுகூட அவள் காதில் விழும்.

பிப்ரவரி 10 அன்று ஒயர் அக்கா போய்ப் பார்த்தார். முன்முற்றம், லாரி நிற்கும் மேடை, இயந்திர அறை. உடைந்த கண்ணாடி இருந்தது, குறித்தார். வாயு நெடி இல்லை, குறித்தார். உள்கூடம் பூட்டியிருந்தது. சாவிக்காரர் வரவில்லை. பதினான்காம் கட்டத்தில் எழுதினார்: “உள்கூடம் பூட்டு. பார்க்கவில்லை. போகக் கூடாது.” கடைசிச் சொல்லின் கீழே இரண்டு கோடு. பிப்ரவரி 12 அன்று முன்முற்றத்தில் படம் பிடித்தார்கள். ஒரு கீறல் இல்லை.

பிப்ரவரி 20 மாலை மூன்று மணிக்கு டைரக்டர் வந்தான். சாவி கிடைத்துவிட்டது, நாளைக் காலை உள்கூடத்தில் எடுக்க வேண்டும் என்றான். ஒயர் அக்கா உடனே வண்டி வாடகை கேட்டு எழுதிக் கொடுத்தார். நானே துறைத் தலைவரிடம் கொண்டுபோனேன். ஒயர் அக்காவும் பின்னாலேயே வந்தார்.

தலைவர் தாளை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. “போன வாரம்தானே பாத்தீங்க?”

“வெளிய பாத்தேன் சார். உள்ள பாக்கல.”

“ஒரே கட்டடம்தானம்மா. அதுவும் இல்லாம நாளைக்கு அரங்கத்துல விழா. விளக்கு யார் போடுவா? நீங்க இங்கதான் இருக்கணும்.”

“அப்ப பிள்ளைங்கள நாளன்னைக்குப் போகச் சொல்லுங்க.”

“நாளைக்குச் சாயங்காலம் சாவியத் திருப்பிக் குடுக்கணுமாம். அவங்க என்ன சின்னக் குழந்தைங்களா? பாத்து நடந்துக்குவாங்க.”

“பின்னால நடக்கிறவங்க எப்படி சார் பாத்து நடப்பாங்க?”

தலைவர் பேனாவை மூடி வைத்தார். அதற்கு மேல் அந்த அறையில் யாருக்கும் பேச்சு இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். வெளியே வந்ததும் ஒயர் அக்கா டைரக்டரைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, உள்ள போகாதீங்க. போயே ஆகணும்னா ஒவ்வொரு அடியும் தட்டிப் பாத்துட்டு வைங்க. செங்கல எடுத்துட்டுப் போ.” அவன் சரி சரி என்று தலையை ஆட்டினான். செங்கலை எடுத்துப் போகவில்லை. பொருள் எண் 214 பிப்ரவரி 21 அன்று முழுவதும் என் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது.

அன்று காலை ஒன்பது பத்துக்கு ஒயர் அக்கா அரங்கத்துக்கு எட்டு விளக்குகள் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அதே ஒன்பது பத்துக்கு டைரக்டர் கேமராவையும் மைக்கையும் வாங்கிக்கொண்டு, தலைவர் கையெழுத்திட்ட புதிய படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டு ஓடினான். நான் அதைத் துளையிட்டுக் கோப்பில் சேர்த்தேன். படிக்கவில்லை. படித்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பேன். தரை: மேற்படி. மின்சாரம்: மேற்படி. நேரில் பார்த்தவர்: மேற்படி. முதுகு: மேற்படி. முந்தைய படிவத்தில் முதுகு என்று இருந்த மாணவன் அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தான். பதினான்காம் கட்டத்தில் மட்டும் மேற்படி இல்லை. போகக் கூடாத பகுதி: இல்லை.

ஐஸ் தொழிற்சாலையின் உள்கூடத்தில் தரை என்று ஒன்று கிடையாது. பார்ப்பதற்குப் பலகை பதித்த தரை போல இருக்கும். அவையெல்லாம் உப்புத் தண்ணீர்த் தொட்டியின் மூடிகள். ஆலை ஓடிய காலத்தில் அந்த மூடிகளைத் தூக்கித்தான் ஐஸ் கட்டிகளை எடுப்பார்கள். ஆட்கள் அவற்றின் மேலேயே நடப்பார்கள். வருடக்கணக்கில் உப்பு ஊறி, பிறகு காய்ந்து, உளுத்துப்போயிருந்தன. செங்கல் ஒரு தடவை விழுந்திருந்தால் சொல்லியிருக்கும்.

பத்து நாற்பத்திரண்டுக்கு மைக் பாப்பா கோலைத் தலைக்கு மேல் தூக்கியபடி பின்னால் நடந்தாள். ஐந்தாவது அடியில் மூடி உடைந்தது. கீழே ஐந்தடி ஆழம், தண்ணீர் இல்லை, இரும்புச் சட்டங்கள். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இடுப்பெலும்பில் விரிசல் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை மேலே கொண்டுபோன லிஃப்டை இயக்கியவர் ஒயர் அக்காவின் கணவர். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவளின் கழுத்து அட்டையில் எங்கள் கல்லூரிப் பெயரைப் பார்த்திருக்கிறார். மூன்றாம் மாடியில் இறக்கிவிட்டு மனைவிக்குப் போன் செய்தார். அரங்கத்தில் விருந்தினர் பூங்கொத்தை வாங்கிக்கொண்டிருந்த நேரம். ஒயர் அக்கா விளக்கை அணைக்கவில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, ரப்பர் செருப்போடு தெருவில் ஓடினார். பிறகு அதையும் குற்றப்பட்டியலில் சேர்த்தார்கள். “அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு நீங்கியது.”

மார்ச் 14, விசாரணை. மூன்று பேர். நான் பதிவேடுகளோடு வெளியே பெஞ்சில் இருந்தேன், பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். விசாரணைத் தலைவர் இரண்டாவது படிவத்தை ஒயர் அக்காவிடம் நீட்டினார்.

“ஒன்பதாம் கட்டத்துல நேரில் பார்த்தவர்னு இருக்கறது நீங்கதானே?”

“மேற்படின்னு இருக்கு சார். என் பேரு மேற்படி இல்ல.”

மூவரில் ஒருவர் சிரித்தார். விசாரணைத் தலைவர் சிரிக்கவில்லை. “முந்தைய படிவத்துல உங்க பேர் இருக்கு. அதோட தொடர்ச்சிதான் இது.”

“தொடர்ச்சின்னா எல்லாம் தொடரணும் சார். உள்ள போகக் கூடாதுன்னு ரெண்டு கோடு போட்டு எழுதியிருக்கேன். அத மட்டும் ஏன் தொடரல? எனக்கு வேண்டாதது தொடருது, எனக்கு வேண்டியது தொடராதா?”

“அந்தக் கட்டத்துல இப்ப இல்லைன்னு இருக்கே.”

“அத எழுதினது நானா?”

டைரக்டர் மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை, ‘நான்தான் எழுதினேன்’ என்று ஒரே ஒரு வார்த்தை. அவன் வாயில் கொழுக்கட்டை.

நான் பதிவேட்டை விரித்தேன். ஒன்பது பத்தின் கையெழுத்தைக் காட்டினேன். செங்கல் வெளியே போகாததைக் காட்டினேன். “செங்கல்லாம் ஒரு சாட்சியா?” என்றார் சிரித்தவர். பிறகு, மனசாட்சி உறுத்தியதால், படிவத்தின் அடிவரியைச் சேர்த்தது நான்தான், ஒயர் அக்கா அன்றே வேண்டாம் என்றார் என்பதையும் சொன்னேன். அவருக்கு உதவும் என்று நினைத்தேன். ஓரமாக உட்கார்ந்திருந்த எங்கள் துறைத் தலைவர் உடனே பிடித்துக்கொண்டார். “பாத்தீங்களா, விதிப்படிதான் எழுதியிருக்காங்க. விதியிலேயே இருக்கு.” உண்மையைச் சொல்லி ஒயர் அக்கா தலையில் இன்னொரு கல்லை நானே வைத்தேன்.

மார்ச் 29, உத்தரவு. அதில் அவர் பெயர் முதலெழுத்தோடு மூன்று இடத்தில் முழுதாக இருந்தது. “கவனக்குறைவு” இரண்டு இடத்தில். துறைத் தலைவர் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. பதினேழு வருட ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்றார்கள். பணிச் சான்றிதழிலும் அந்தச் சொல்லை ஏற்றினார்கள். அதே வாரம் மைக் பாப்பாவின் தகப்பனார் கல்லூரி வாசலில் நின்று ஒயர் அக்காவைச் சபித்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவரிடம் கொடுக்கப்பட்ட தாளில் அந்த ஒரு பெயர்தான் இருந்தது.

வேலை போனதைவிட அந்தச் சொல்தான் ஒயர் அக்காவைத் தின்றது. விளக்கு வாடகைக் கம்பெனி ஒன்றின் மேலாளர் சான்றிதழைப் படித்துவிட்டு, “கவனக்குறைவுன்னு போட்டிருக்கே, உங்கள நம்பி எப்படிம்மா கரண்ட்ல கை வைக்க விடறது?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இருபத்தெட்டு வருடம் அடுத்தவர் காலடியைப் பார்த்தவரிடம் இந்தக் கேள்வி.

ஏப்ரல் 30 அன்று நான் ஓய்வு பெற்றேன். புதிதாக வந்தவர் சரக்குகளைச் சரிபார்த்து, பொருள் எண் 214-ஐ ‘பயனற்றது’ என்று அடித்தார். முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டு செங்கலைப் பையில் போட்டு, நேரே சைக்கிள் கடை மாடிக்குப் போனேன். கணவர்தான் கதவைத் திறந்தார். “வாங்க ஐயா. ஓய்வு பெற்ற மனுஷன் பழத்தோட வருவாருன்னு பாத்தா, செங்கலோட வர்றாரு” என்றார். ஒயர் அக்கா அதை வாங்கிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் வைத்தார்.

அன்றிலிருந்து கடிதங்கள். மே 6, ஜூன் 17, ஆகஸ்ட் 2. மேல்முறையீட்டுக் குழுவுக்கு நான் எழுதுவேன், அவர் கையெழுத்திடுவார். மூன்றுக்கும் பதில் இல்லை. செப்டம்பர் 25 கடிதத்தோடு ஒரு தாள் கூடப் போனது. அதை எழுதியது மைக் பாப்பா. ஊன்றுகோலோடு, தகப்பனாரைக் கூட்டிக்கொண்டு, தானே மாடிப்படி ஏறி வந்து கொடுத்தாள். பதினோரு படிக்கு ஆறு நிமிடம் ஆயிற்று. தகப்பனார் ஒயர் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் எழுதியிருந்தது இரண்டே வரி. “உள்கூடத்துக்குப் போகக் கூடாது என்று அக்கா எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று அவர் வந்திருந்தால் எனக்கு முதுகு இருந்திருக்கும்.”

நவம்பர் 11 அன்று பதில் வந்தது. “மேற்படி நபர் மீதான கவனக்குறைவு குறித்த பதிவு நீக்கப்படுகிறது. மேற்படி விஷயம் இத்துடன் முடித்துவைக்கப்படுகிறது.” அவ்வளவுதான். மேலே பெயர் இல்லை, கீழேயும் இல்லை.

கணவர் பெருமூச்சு விட்டார். “அப்பாடா. போச்சு, விடு. பழி போச்சுல்ல?”

ஒயர் அக்கா கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். “எங்க போச்சு? திட்டும்போது முதலெழுத்தோட முழுப்பேரு, மூணு தடவ. இல்லன்னு சொல்லும்போது மட்டும் நான் மேற்படியா?”

“கடுதாசி உன் விலாசத்துக்குத்தானடி வந்திருக்கு.”

“விலாசம் உறைமேல இருக்கு. உறையையும் கைல தூக்கிட்டு அலையவா? இது யாரப் பத்தினதுன்னு அந்த மேலாளர் கேட்டா என்ன சொல்லுவீங்க?”

கணவர் என்னைப் பார்த்தார். நான் என் பேனாவைப் பார்த்தேன். ஒயர் அக்கா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. மறுநாளே அந்த மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். “மேற்படி நபர்னா யாரு?” என்றுதான் அவரும் கேட்டார்.

நவம்பர் 13 அன்று மூலக் கடிதத்தை ஒப்புகைச் சீட்டோடு திருப்பி அனுப்பினோம். கூடவே நான் எழுதிய கடிதம். என் வாழ்நாளில் அவ்வளவு காரமாக எதையும் எழுதியதில்லை. ‘மேற்படி’ என்ற சொல்லை ஒரு படிவத்தில் அனுமதித்த குற்றவாளி நான். அந்தச் சொல் ஒரு பெண்ணின் காலை முறித்தது, இன்னொரு பெண்ணின் பிழைப்பை முறித்தது. மூன்றாவது முறையும் அதையே எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது என்று கேட்டிருந்தேன். டிசம்பர் 4, நினைவூட்டல். டிசம்பர் 28, நினைவூட்டல். ஜனவரி 16 அன்று நானும் ஒயர் அக்காவும் கணவரும் மைக் பாப்பாவும் தகப்பனாரும் அவர்கள் அலுவலகத்தில் காலை பத்திலிருந்து மாலை நாலேகால் வரை உட்கார்ந்திருந்தோம். குமாஸ்தா இரண்டு தடவை வந்து, “இன்னும் போகலையா?” என்றார். “பேரு வாங்க வந்தோம். வந்ததும் போயிடுவோம்” என்றார் ஒயர் அக்கா.

இந்தக் குறிப்பை எழுதப்போகிறேன் என்றபோது என்ன பெயர் போடட்டும் என்று அவரிடம் கேட்டேன். “ஒயர் அக்கான்னே போடுங்க. அது பிள்ளைங்க வெச்ச பேரு, நீங்க போடலாம். மத்தத அவங்கதான் எழுதித் தரணும்” என்றார். அதனால் இங்கே அது இல்லை. அங்கே, அவர்கள் கடைசியில் அனுப்பிய கடிதத்தில், இருக்கிறது.

முதல் வரியிலேயே இருக்கிறது. முதலெழுத்தோடு, முழுப்பெயர், மூன்று தடவை. அவர் அதை என்னிடம் நீட்டி, “எழுத்துப்பிழை இருக்கான்னு பாருங்க ஐயா” என்றார். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். இல்லை. அவர் கதவுக்குப் பின்னாலிருந்து செங்கலை எடுத்துக் காக்கிப் பையில் போட்டுக்கொண்டு வாடகைக் கம்பெனிக்குக் கிளம்பினார். கடிதம் வந்து சேர்ந்தது பிப்ரவரி 9, காலை பதினொன்று இருபது.